காணாமற்போன ஷரத்து

சட்டம் தெரியாது என்று குடிமகன் சொன்னால் கோர்ட்டு ஏற்பதில்லை. சர்க்காருக்கே தெரியாதிருந்தால்?

1933-இல் அமெரிக்காவில் எண்ணெய் விலை சரிந்து கிடந்தது. நிர்ணயித்த அளவுக்கு மேல் எண்ணெய் எடுப்பது குற்றம் என்று ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் விதி செய்தது. டெக்ஸாஸில் வழக்குகள் கிளம்பின. மறு வருஷந்தான் வாஷிங்டனில் மூலப் பிரதியைப் புரட்டினார்கள். அந்த ஷரத்தே அதில் இல்லை! 1933 செப்டம்பரில் செய்த ஒரு திருத்தத்தில், யாரும் அறியாமல், அது கழன்று விழுந்திருந்தது.

காங்கிரஸ் இயற்றிய சட்டங்களுக்கு அச்சுத் தொகுதிகள் உண்டு. 1926-இல் அவற்றைப் பொருள்வாரியாகவும் கோத்துவிட்டார்கள். நிர்வாக உத்தரவுகள்தாம் அநாதைகள்.

1934 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் எண்ணெய்க் கம்பெனியின் வக்கீல் எழுந்தார். இல்லாத சட்டத்தை மீறியதற்காகத் தம் கட்சிக்காரர் சில நாள் சிறையில் இருந்ததாகச் சொன்னார். விதியின் பிரதியைத் தாம் கண்டது, ஓர் அதிகாரியின் கால்சட்டைப் பின்பையில்தான் என்றார்! இந்த உத்தரவுகளை ஜனங்கள் எங்கே பார்ப்பது என்று நீதிபதி பிராண்டைஸ் கேட்டார். சர்க்கார் வக்கீல், பாவம், அது கொஞ்சம் சிரமந்தான் என்று ஒப்புக்கொண்டார்.

1935 ஜூலையில் புதுச் சட்டம் வந்தது. முறைப்படி பதிவுக்குத் தராத உத்தரவு, அதை அறியாதவனைக் கட்டாது. 1936 மார்ச் 14-இல் 'ஃபெடரல் ரிஜிஸ்டர்' முதல் இதழ் வெளியாயிற்று. அதில் முதலில் அச்சேறியது, தென் கரோலினாவில் ஒரு பறவைகள் சரணாலயத்தை விரிவாக்கும் உத்தரவு.