விழாவறைதலும் கரிசல் ஊர்களும்

ஊரில் என்ன நிகழ்கிறது, எங்குச் செல்லலாம் என்று மக்களுக்கு அறிவிக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழையது. மணிமேகலையின் முதற் காதையே 'விழாவறை காதை' என்னும் பெயருடையது. புகார் நகரில் 28 நாள் நடைபெறும் இந்திரவிழாவை, வச்சிரக்கோட்டத்து முரசினை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடிப் பிறந்தோன் ஒருவன் அறைகின்றான். தெருக்களை அணிசெய்யுமாறு கூறுவதோடு அவன் அமையவில்லை. அறம் உரைப்போர் எங்கு அமர்வது, சமயவாதிகள் எங்கு ஏறுவது என்று இடமும் சுட்டுகின்றான். பட்டிமண்டபத்திற்கு நமக்குக் கிடைத்துள்ள பழைய அழைப்பு இதுவே எனலாம்.

அம்முரசு கரிசல் சிற்றூர்களில் தமுக்காகச் சுருங்கிற்று. ஆயினும் எழுத்தறியாதார்க்கும் அது எட்டியது. கொடைவிழாவும் கூத்தும் எந்நாள் என்பதை அது சாற்றியது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, தையிலும் மாசியிலும் தவசம் வீடு சேர்ந்து, பருத்தி விலைபோன பின்னரே இம்மண்ணில் விழாவிற்குக் கையில் காசு புழங்கும். கோவில்பட்டி செண்பகவல்லியம்மனின் பங்குனித் திருவிழாவும் இப்பருவத்தில் வருவதே.

1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் கோவில்பட்டி பருத்திச் சந்தையாக வளர்ந்தது. 1920களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்ற, அதற்கு வேண்டிய வண்ணச்சீட்டுகளால் அச்சுத் தொழிலும் அங்கே பெருகியது. துண்டு நோட்டீசும் சுவரொட்டியும் ஊரூராகப் பரவின. தூத்துக்குடிப் பகுதியில் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த நாடக மரபில் நோட்டீசுக்குத் தனியிடம் உண்டு. குழுவாக அன்றி, ஒவ்வோர் ஊரிலிருந்தும் நடிகர் வந்து ஓரிரவு கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்பதை நோட்டீசுதான் சொல்லும். நாடகம் முடிந்தால் அக்குழுவும் இல்லை. அத்தாள் ஒன்றே எஞ்சும்.

எஞ்சிய தாளிலும் வரலாற்று மாணவர்க்கு ஓர் இடர் காத்திருக்கிறது. பல நோட்டீசுகளில் மாதமும் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. நாளை மறுநாள் வருவோர்க்கு ஆண்டு எதற்கு? சிலவற்றில் பிரபவ முதலான ஆண்டுப் பெயர் காணப்படும். அதுவோ 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது! தேதியையும் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு பொருத்தி, தாளின் நிறத்தையும் அச்செழுத்தின் வடிவையும் நோக்கியே காலம் கணிக்க வேண்டியுள்ளது.

கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்ட காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாதசுரம், 'கொஞ்சும் சலங்கை' (1962) படப்பாடலால் இன்றும் ஒலிக்கிறது. ஆனால் கரிசல் ஊர்களில் எந்தக் கோயில் வாசலில், எந்தத் திருமணப் பந்தலில், எந்நாள் அவர் விடியுமட்டும் வாசித்தார் என்பதைப் பழைய நோட்டீசும் மணவோலையுமே கூறவல்லவை. அவற்றுள் பெரும்பகுதி பொட்டலம் கட்டப் போயிற்று.

இக்காலத்தில் நகரின் நிகழ்ச்சிகளைத் தேடித்தர இணையதளங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் பெருநகரையே கருதுவன. சிற்றூரின் செய்தி கைப்பேசிக் குழுக்களில் வந்து, மறுவாரம் புதைந்துபோகிறது. நோட்டீசாவது பரண்மேல் கிடக்கும்.

நம் வட்டத்தின் பத்தாண்டு அழைப்பிதழ்கள் உறுப்பினர் இல்லங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து, ஆண்டு அச்சிடப்படாதவற்றில், நினைவுள்ளோர் இருக்கும்போதே, பென்சிலால் ஆண்டைக் குறித்துவைக்க வேண்டும்.