நேமியாவில் ஒரு சிறு காட்சிசாலை

கிரேக்க நாட்டின் பழமையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஏதென்ஸ் மாநகரோடு நின்றுவிடுகின்றனர். அங்குள்ள தேசியத் தொல்பொருட் காட்சிசாலை உலகப் புகழ் வாய்ந்தது. மைசீனி மன்னர்களின் பொன் முகமூடிகளும், கடலடியிலிருந்து எடுக்கப்பெற்ற வெண்கலச் சிலைகளும் அங்கு உள்ளன. ஒரு நாளில் கண்டு முடிப்பது அரிது. ஆயினும் அந்நாட்டில் மற்றொரு வகைக் காட்சிசாலையும் உண்டு. அகழ்ந்த இடத்தின் அருகிலேயே, திராட்சைத் தோட்டங்களுக்கும் ஒலிவ மரங்களுக்கும் இடையே, இரண்டு மூன்று கூடங்களோடு அமைந்த சிற்றூர்க் காட்சிசாலைகளே அவை. அவற்றுள் ஒன்றாகிய நேமியாக் காட்சிசாலையினுள் நேயர்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஏதென்ஸிலிருந்து மேற்கே சென்று, கொரிந்து நகரைக் கடந்து, தெற்கே திரும்பினால் நேமியாப் பள்ளத்தாக்கை அடையலாம். தொலைவு ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மலைகள் சூழ்ந்த சிறு பள்ளத்தாக்கு அது. கண்ணுக்கு எட்டிய வரை திராட்சைக் கொடிகள். நேமியாவின் செந்நிறத் திராட்சை மது இன்றும் பெயர் பெற்றது. ஹெர்குலிஸ் என்னும் வீரன் தன் பன்னிரு அருஞ்செயல்களுள் முதலாவதாகக் கொன்ற சிங்கம் இம்மலைக் குகையொன்றில் வாழ்ந்தது என்பது புராணம். பள்ளிப் பாடத்தில் அக்கதையைப் படித்தவர்களுக்கு நேமியா என்ற பெயர் புதிதாக இராது.

ஆனால் பண்டைக் கிரேக்கருக்கு நேமியா சிங்கத்தினும் விளையாட்டுகளாலேயே பெருமை பெற்றது. ஒலிம்பியா, டெல்பி, இஸ்த்மியா, நேமியா ஆகிய நான்கு இடங்களில் கிரேக்க இனத்தார் அனைவரும் கூடும் பெருவிழாக்கள் நடைபெற்றன. நேமியாவில் கி.மு. 573 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை போட்டிகள் நிகழ்ந்தன. இவற்றின் தோற்றத்துக்குக் கூறப்படும் கதை உருக்கமானது. ஒஃபெல்தஸ் என்னும் அரசிளங்குழந்தை நடக்கப் பழகுமுன் அதன் உடல் தரையில் படலாகாது என்று ஒரு தெய்வவாக்கு இருந்தது. வழிப்போக்கரான படைவீரர்க்கு நீரூற்றைக் காட்டப் போன செவிலித்தாய், குழந்தையைக் கீரைப் படுக்கையொன்றின் மேல் கிடத்திச் சென்றாள். பாம்பு தீண்டிக் குழந்தை இறந்தது. அதன் ஈமச் சடங்காகத் தொடங்கியவையே இவ்விளையாட்டுகள் என்பர். ஆதலின் இங்கு நடுவர்கள் துக்கத்தின் அடையாளமாகக் கறுப்பு உடை அணிந்தனர். வென்றவனுக்குச் சூட்டிய முடியும் பொன்னாலானதன்று. அக்குழந்தை கிடந்த சிவரிக்கீரை இனத்துக் காட்டுக் கீரையால் ஆயது.

பின்னர்ப் போட்டிகள் ஆர்கோஸ் நகருக்கு மாறின, மீண்டும் வந்தன, கி.மு. 271இல் மீளாமல் போய்விட்டன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த பாசேனியஸ் என்னும் யாத்திரிகர், சீயஸ் கோயிலின் கூரை விழுந்து கிடந்ததையும், உள்ளே திருவுருவம் எதுவும் இல்லாததையும் எழுதி வைத்திருக்கிறார். கோயிலின் கற்களைப் பிற்காலத்தார் தங்கள் கிறிஸ்துவ தேவாலயத்திற்கு எடுத்துக்கொண்டனர். மூன்று தூண்கள் மட்டும் நூற்றாண்டுகளாய் வயல் நடுவே நின்றன. 2002ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும், விழுந்து கிடந்த தூண்களுள் ஆறினை அவற்றின் பழைய கற்களைக் கொண்டே எடுத்து நிறுத்தினர். இன்று அங்கு ஒன்பது தூண்களைக் காணலாம்.

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், ஸ்டீபன் மில்லர் என்னும் பேராசிரியரின் தலைமையில், 1970களில் இங்கு விரிவான அகழ்வைத் தொடங்கினர். கிடைத்தவற்றை ஏதென்ஸுக்கோ வேறெங்கோ கொண்டுபோகாமல், அவ்விடத்திலேயே ஒரு காட்சிசாலை எழுப்பி, 1984இல் கிரேக்க அரசிடம் ஒப்படைத்தனர். பெரிய கூடத்தின் சாளரத்தின் வழியே நோக்கினால் வெளியே கோயில் தூண்கள் தெரிகின்றன. பேழையினுள் இருக்கும் பொருளையும் அது புதைந்து கிடந்த நிலத்தையும் ஒரே பார்வையில் காணும் வாய்ப்பு பெரிய நகரக் காட்சிசாலைகளில் கிட்டுவதில்லை.

முதலில் நம் கண்ணைக் கவர்ந்தவை காசுகள். அழகில் சிறந்தவை அல்ல. தேய்ந்த செப்புக் காசுகளே மிகுதி. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊரைச் சொல்கிறது. ஆர்கோஸ், கொரிந்து, சிக்கியோன் என்று விழாக் காண வந்தவர் எல்லாம் தத்தம் ஊர்க் காசை முடிந்துகொண்டு வந்து, கூட்டத்தில் தவறவிட்டுப் போயினர். விளையாட்டரங்கின் எந்தப் பக்கத்தில் எந்த ஊர்க் காசு மிகுதியாகக் கிடைத்தது என்று அகழ்வாளர் குறித்துக்கொண்டே வந்தனர். அதனால் ஓரூரார் ஓரிடத்தில் கூடி அமர்ந்திருந்தனர் என்பது புலனாயிற்று. வேற்று மாநிலத்தில் வாழ்ந்து, விழா நாளில் நம்மூரார் எங்கே நிற்கின்றனர் என்று தேடிப் பழகிய நம் நேயர்களுக்கு இது வியப்பாக இராது. அக்காசுகளை ஒரு பையில் அள்ளிப் போட்டு விற்றிருந்தால், பழைய செம்பு என்பதற்கு மேல் அவை ஒன்றும் சொல்லியிரா.

ஈயத்தாலான மெல்லிய தகடுகள் சிலவும் இங்குக் கிடைத்தவற்றுள் அடங்கும். ஒஃபெல்தஸுக்கு எடுத்த நினைவிடத்தில் புதைக்கப்பெற்றவை அவை. அவற்றில் எழுதியிருப்பது சாபம். ஒருத்தியின் மனம் இன்னொருவனை விட்டு விலக வேண்டும், அவன் முகத்தினின்றும், கண்களினின்றும், வாயினின்றும் விலக வேண்டும் என்று உறுப்பு உறுப்பாக எண்ணி எழுதுகிறான் ஒரு காதலன். இறந்த குழந்தையின் ஆவி அதனை நிறைவேற்றும் என்று நம்பினான் போலும். வீரரும் வெற்றியும் நிறைந்த ஒரு தலத்தில் இந்தப் பொறாமைக்காரனையும் சந்திக்க நேர்ந்தது நமக்கு மகிழ்ச்சியே.

கோயிலினின்றும் சிறிது நடந்தால் விளையாட்டரங்கம். ஓடுதளத்தின் நீளம் 178 மீட்டர். அவர்கள் அடிக்கணக்கில் 600 அடி. வீரர்கள் உடை களையும் கூடத்திலிருந்து அரங்கினுள் நுழைய, குன்றைக் குடைந்தது போல் 36 மீட்டர் நீளமுள்ள கல் வளைவுச் சுரங்கப்பாதை ஒன்று உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. முறை வரும் வரை அதனுள் காத்திருந்த இளைஞர்கள் சுவரில் தம் பெயர்களைக் கீறி வைத்துள்ளனர். அக்ரோட்டாட்டஸ் என்பவன் அழகன் என்று ஒருவன் எழுத, அதனை எழுதியவனுக்கு மட்டும் என்று மற்றொருவன் கீழே கீறிவிட்டுப் போனான். இருபத்துமூன்று நூற்றாண்டு கடந்தும் அக்கேலி வாடவில்லை.

மீண்டும் காட்சிசாலைக்குள் வருவோம். இனி நாம் காணப்போவது நேமியாக் கோயிலைச் சேர்ந்ததன்று. அதனினும் ஆயிரம் ஆண்டு மூத்தது.

நேமியாவுக்குச் சில கல் தொலைவில் ஐதோனியா என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே மலைச்சரிவில் மைசீனிய காலத்துக் கல்லறைகள் உள்ளன, கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அவை வழக்கில் இருந்தன. மென்பாறையைக் குடைந்து, நீண்ட நடைவழியும் அதன் முடிவில் அறையும் அமைத்து, வாயிலைக் கல்லடுக்கி மூடுவர். ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அதே அறையைத் திறந்து திறந்து புதைப்பர். முன்னோர் எலும்புகளையும் அணிகலன்களையும் தரையில் வெட்டிய குழிகளில் ஒதுக்கி வைப்பதும் உண்டு.

1970களின் பிற்பகுதியில் திருடர்கள் இந்தக் கல்லறைகளைக் கண்டுகொண்டனர். இரவோடு இரவாகத் தோண்டினர். பொன் தேடுவோனுக்கு மண்கலமும் எலும்பும் குப்பையே. செய்தி அறிந்து கிரேக்கத் தொல்பொருள் துறையினர் 1978இல் அகழ்வைத் தொடங்கியபோது, கல்லறைகளிற் பெரும்பாலானவை சூறையாடப்பட்டிருந்தன. ஏழாம் எண் கல்லறையின் தரையில் ஒரு குழி மட்டும் திருடர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. அதனுள் பொன்மணிகளும் முத்திரை மோதிரங்களும் இருந்தன. மலர் ஏந்திய மகளிர் ஒரு வழிபாட்டிடத்தை நோக்கிச் செல்லும் காட்சி ஒரு மோதிரத்தில் செதுக்கப்பட்டுள்ளது. நகத்தளவே உள்ள பொன் தகட்டில் அம்மகளிரின் ஆடை மடிப்புகள் கூடத் தெரிகின்றன.

திருடுபோனவை பதினைந்து ஆண்டுக் காலம் எங்கிருந்தன என்று தெரியவில்லை. 1993ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நியூயார்க் நகரின் கலைக்கூடம் ஒன்றில் மைசீனிய அணிகலன்கள் ஒருசேர விற்பனைக்கு வந்தன. மொத்தம் 312 உருப்படிகள். விலை பதினைந்து லட்சம் டாலர் என்றனர். எவ்வூர் மண்ணிலிருந்து வந்தவை என்பது மட்டும் சொல்லப்படவில்லை. படங்களைக் கண்ட கிரேக்க அறிஞர்களுக்கு ஐயம் எழுந்தது. ஏழாம் கல்லறைக் குழியில் கிடைத்த மணிகளையும் இவற்றையும் ஒப்பிட்டனர். உருவமும் மலர்க்கோலமும் வேலைப்பாடும் ஒத்திருந்தன. கிரேக்க அரசு வழக்குத் தொடுத்தது. வழக்கு தீர்ப்பு வரை செல்லவில்லை. வாஷிங்டனில் உள்ள கிரேக்க மரபுப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுக்குக் கலைக்கூடத்தார் அவற்றைக் கொடையாக அளிப்பது என்று உடன்பாடாயிற்று. கல்லறையில் திருடியதைத் திரும்பக் கொடுப்பதற்குக் கொடை என்று பெயரிட்டது விந்தைதான். எனினும் பொருள் வந்து சேர்ந்தது. 1996இல் அவை கிரேக்க நாட்டை அடைந்தன. அவையே இன்று நேமியாவில் நம் கண்முன் உள்ளன.

திருடர் கண்ணுக்குத் தப்பிய ஒரு குழி இல்லாதிருந்தால், ஒப்பிட்டுக் காட்டச் சான்று எங்கே இருந்திருக்கும்? கையிற் கிடைத்த சிறு பகுதி, கைவிட்டுப்போன பெரும்பகுதியை மீட்டுத் தந்தது.

நம் நாட்டிலும் இதனை ஒத்த வரலாறு ஒன்று உண்டு. சோழநாட்டுப் பத்தூரில், இடிந்த சிவன் கோயிலின் அருகே 1976ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி, கைமாறிக் கைமாறி இலண்டன் மாநகரை அடைந்தது. அதனை மீட்க நடந்த வழக்கில், அதே இடத்தில் பின்னர்க் கிடைத்த பிற செப்புத் திருமேனிகளோடு அதனை ஒப்பிட்டனர். மேலே ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் கூடச் சான்றாக ஆராய்ந்தனர். பாழடைந்த கோயிலே ஒரு வழக்காளியாக நின்று தன் உடைமையைக் கேட்கலாம் என்பதை ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். வெளியூர்க் காட்சிசாலைகளில் நம் செப்புத் திருமேனிகளைக் கண்டு நின்ற நேயர்கள், கீழே உள்ள சீட்டையும் படித்திருப்பர். தென்னிந்தியா என்றும், ஒரு நூற்றாண்டின் எண்ணும் மட்டும் பொறித்திருந்தால், எந்தக் கோயில், எந்த ஊர் என்று மனம் கேட்காமல் இருப்பதில்லை.

அக்கேள்விக்கு நேமியாவிலும் முழு விடை கிடையாது. குழியில் கிடைத்தவற்றைப் பற்றிக் கேட்டால் இன்ன கல்லறை, இன்ன இடம் என்று சொல்ல முடிகிறது. நியூயார்க்கிலிருந்து மீண்டவை பற்றிக் கேட்டால், ஐதோனியா என்பதோடு விடை நின்றுவிடுகிறது. எந்த அறையில் இருந்தன? ஒரு மாலையாகக் கோத்தவையா, பல மாலைகளிலிருந்து உதிர்ந்தவையா? அணிந்தவள் முதியவளா, மணம் ஆகாத பெண்ணா? அருகே எந்தக் கலத்தில் எதை வைத்தனர்? இவற்றைச் சொல்ல வல்ல எலும்புகளும் ஓடுகளும் தோண்டியவர்களின் காலடியில் நொறுங்கிப் போயின. பொன் மீண்டது, அதனைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை மீளவில்லை. ஒளி குறையாத அம்மணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, தேய்ந்த செப்புக் காசுகள் நமக்கு எவ்வளவு செய்தி சொல்லின என்பது நினைவுக்கு வந்தது.

ஐதோனியாவில் 2016 முதல் மீண்டும் அகழ்வு நடைபெற்றது. திருடர் கைபடாத கல்லறை ஒன்று அப்போது கிடைத்தது; முன்னர் அறியப்பட்டவற்றினும் காலத்தால் முந்தியது. அதனுள் இருந்த கலங்களையும் எலும்புகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே வெளியே எடுத்தனர்.