சாந்திலிருந்து சோப்புக்கு: மைசூர்ச் சந்தனமும் மேனிப் பூச்சுகளின் சரித்திரமும்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைப் பக்கம் செல்லும் பாதையில் ராமாபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் மொழிவாரி ராஜ்யங்கள் அமையும்வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்து, அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மைசூர் ஜில்லாவுக்கு உட்பட்டு, 1997இல் சாமராஜநகர ஜில்லா பிரிந்தபோது அதனோடு சென்ற இந்தப் பிரதேசத்தின் காடுகளில், சீயக்காயும் நெல்லியும் சந்தனமும் ஒரே மலைச்சரிவில் வளர்கின்றன. மூன்றும் மேனிக்கும் கூந்தலுக்கும் உரியவை என்று நம்மவர் நெடுங்காலமாக அறிந்தவையே. ஆயினும் முதலிரண்டையும் இம்மலைகளின் பழங்குடியினரான சோலிகர்கள் கூடையில் அள்ளிக் கீழே கொண்டுவர முடிந்திருக்க, மூன்றாவது மாத்திரம் சர்க்காரின் சம்மதமின்றி ஓர் அடியும் நகரக்கூடாத பொருளாயிற்று. இவ்வேற்றுமைக்குக் காரணம் சருமத்தைப் பற்றிய சாஸ்திரத்தில் இல்லை. எந்த மூலிகையின் சாரத்தை எந்த உபாயத்தால் பிரித்தெடுக்க முடிந்தது, அவ்வுபாயம் யார் கையில் இருந்தது என்ற இரண்டுமே எது நம் மேனியில் தங்கியது, எது தங்கவில்லை என்பதைத் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழைய நூல்களைப் பார்ப்போருக்கு முதலில் தோன்றுவது, அவற்றில் சந்தனம் தனித்து நிற்பதில்லை என்பதாகும். சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் மேனியின் நிறத்தைப் பேணும் மருந்துகளைப் பத்துப் பத்தாகத் தொகுக்கும் முறையில் ஒரு வர்க்கமாக வகுக்கிறது. சந்தனம், புன்னை, வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி முதலியன அதில் ஒருங்கே இடம்பெறுகின்றன. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடிய செய்தியைச் சொல்லுமிடத்தில், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் பேசப்படுகிறது. வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் கந்தயுக்தி என்றே ஓர் அத்தியாயம் உண்டு. கன்னட நாட்டை எடுத்துக்கொண்டால், பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாவுண்டராயன் இயற்றிய லோகோபகாரம், வேளாண்மை, கிணறு தோண்டுதல், சமையல் ஆகியவற்றோடு வாசனைப் பொருள்களின் கலப்பையும் குடும்பஸ்தன் அறிய வேண்டிய விஷயங்களுள் ஒன்றாக வைக்கிறது. அடுத்த நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசமோ ஸ்நானத்தையும் மேனிப்பூச்சையும் அரசனுக்குரிய போகங்களாகவே விவரிக்கிறது.

இந்நூல்கள் காட்டும் பிரயோகங்களில் சாரத்தைப் பிரிக்கும் வழிகள் எளியவை. ஆனால் அவை நுட்பமற்றவையல்ல. கல்லில் நீர்விட்டு அரைத்த சாந்தில் கட்டை முழுவதுமே இருக்கிறது: எண்ணெயும் நாரும் நிறமியும் துவர்ப்பும் ஒன்றும் விலக்கப்படாமல் சருமத்தின்மேல் படிகின்றன, நீர் உலரும்போது குளிர்ச்சி உண்டாகிறது. தைலபாகமோ இதனினும் நுண்ணியது. அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயமோ பாலோ பதினாறு பங்கு என்ற சார்ங்கதரரின் பொதுவிதிப்படி, நீர் முழுதும் வற்றும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்சும்போது, நீரில் கரைவனவும் நெய்ப்பில் கரைவனவும் ஒரே பாத்திரத்தில் எண்ணெயைச் சந்திக்கின்றன. அஷ்டாங்க ஹிருதயத்தின் உத்தரஸ்தானத்தில் முகத்துக்குரியதாகச் சொல்லப்படும் குங்குமாதி தைலம் இம்முறையில் சமைந்ததே. ஆட்டுப்பால் சேர்த்துக் காய்ச்சப்படும் அத்தைலத்தில் குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி ஆகிய மூன்றும் வெவ்வேறு காரியங்களுக்காகச் சேர்கின்றன. நம் வீடுகளின் நலங்குமாவும் அவ்வழியில் வந்ததுதான்; பாசிப்பயறும் கஸ்தூரிமஞ்சளும் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் கார்போகரிசியும் சேர்ந்த அந்த மாவில் எதையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை.

சந்தனம் இக்கூட்டத்தை விட்டுப் பிரிந்து ராஜ்யத்தின் பொருளானது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். 1792இல் திப்பு சுல்தான் அதனை ராஜமரமாக அறிவித்தார். அதன்பின் பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தனமும் நிலத்துக்காரனுடையதன்று, அரசுடையதே என்ற நியாயம் மைசூரில் நிலைபெற்று, ஆட்சிகள் மாறியும் தான் மாறாமல் இரண்டு நூற்றாண்டுகள் நடந்தது. வேலியோரத்து மரத்தைக் காத்து வளர்க்க வேண்டிய பொறுப்பு ஒருவனுக்கும், அதன் வைரக்கட்டை மற்றொருவனுக்கும் என்று பங்கிட்ட சட்டம், குடியானவன் நாற்றிலேயே அதைப் பிடுங்கி எறிவதற்குக் காரணமாயிற்று என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது மிகையென்று எனக்குத் தோன்றவில்லை. திப்புவின் வீழ்ச்சிக்குப்பின் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த டாக்டர் பிரான்சிஸ் புக்கனன், வெட்டிய கட்டைகளைச் சுமார் இரண்டு மாதம் உலர்ந்த மண்ணில் புதைத்து வைப்பார்களென்றும், மேல்மரத்தைக் கரையான் தின்றுவிட, வாசனையுள்ள வைரம் மாத்திரம் மிஞ்சுமென்றும் குறித்துள்ளார். எண்ணெய் வைரத்தில்தான் உண்டு, அதிலும் வேரில்தான் அதிகம். ஆதலால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இக்கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டுக் கடல் கடந்தன. ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், நீராவி வாலைகளில் இவை தைலமாக வடிக்கப்பட்டன. அந்தத் தைலத்தை அங்கே வாங்கியவர்களுள் வாசனைக்காரர்கள் ஒரு பகுதியினரே என்பது இச்சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத செய்தி: மேகவெட்டைக்கும் மூத்திரக்குழாய் நோய்களுக்கும் உள்ளே கொடுக்கும் ஔஷதமாகவே சந்தனத் தைலம் அந்நாட்டு மருந்துத் தொகுதிகளில் இடம்பெற்று, சிறு உறைகளில் அடைத்து விற்கப்பட்டது. நாம் மேனியில் பூசியதை அவர்கள் விழுங்கினார்கள். பிற்பாடு சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்து அவ்வழக்கத்தை ஒழித்தன. உள்நாட்டிலும் வடிப்பு இல்லாமலில்லை. கன்னோசியின் அத்தர்களுக்குச் சந்தனத் தைலமே அடிப்படை. ஆனால் அவை சிறு வாலைகள்.

1914இல் யுத்தம் மூண்டதும் ஜெர்மானிய வியாபாரம் அறுந்தது. சமஸ்தானத்தின் கிடங்குகளில் கட்டை தேங்கியது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் காலம் அது. 1912 முதல் திவானாயிருந்த விசுவேசுவரய்யா, கைத்தொழில் இலாகாவின் தலைவர் ஆல்பிரட் சாட்டர்டன், டாட்டா விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் ஆகிய இவர்களது முயற்சியால் 1916இல் பெங்களூரில் தைலம் வடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மைசூர் நகரத்தில் பெரிய ஆலை ஏற்பட்டது. சந்தனத்தூளை ஆவியில் வைத்து வடிப்பது அவசரப்பட முடியாத காரியம். இரண்டு மூன்று நாள்கள் ஆவி ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும், அப்போதும் கட்டையின் எடையில் நூற்றுக்குச் சில பங்கே தைலம் கிடைக்கும். ஆகையால் கொதிகலனும் எரிபொருளும் இடைவிடாத கட்டை வரத்தும் உடையவனே இத்தொழிலில் நிற்க முடியும். காட்டையே தன் உடைமையாக வைத்திருந்த ராஜாங்கத்துக்கு அது இயல்பாகப் பொருந்தியது.

சோப்பு அதன்பின் வந்தது. பிரெஞ்சுக்காரர் இருவர் மகாராஜாவுக்கு மைசூர்த் தைலத்தால் செய்த சோப்பைக் காணிக்கையாகக் கொடுத்தனர் என்றும், அதனாலேயே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. அக்கதை எவ்வாறாயினும், இங்கிலாந்தில் சோப்பும் வாசனைத் தொழிலும் பயின்றுவந்த எஸ். ஜி. சாஸ்திரியின் பொறுப்பில் 1918இல் பெங்களூரில் சர்க்கார் சோப்புத் தொழிற்சாலை நடைபெறலாயிற்று. நீள்வட்ட வடிவமும் நகைப்பெட்டி போன்ற உறையும், யானைத்தலையும் சிங்க உடலும் கொண்ட சரபமுத்திரையும் அன்று முதல் ஜனங்களுக்குப் பழக்கமானவை.

வர்ணத்துக்கு உரியவை என்று சரகர் சொன்ன பத்தில் சந்தனமே இந்தச் சோப்புக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை ரசாயனம் ஒருவாறு விளக்குகிறது. மஞ்சிட்டியின் செந்நிறப் பொருள்களும் அதிமதுரத்தின் இனிப்புச் சத்தும் ஆவியோடு எழுபவை அல்ல. வாலையில் இட்டால் சக்கையோடே தங்கிவிடும். பல மலர்களின் வாசனையோ எஸ்டர்களைச் சார்ந்தது. சோப்பின் காரத்தில் அவை சிதையும். சந்தனத் தைலத்தின் தொண்ணூறு சதவிகிதத்துக்குக் குறையாத பகுதி சாண்டலால் எனப்படும் ஆல்கஹால் வகை. அது ஆவியோடு மெல்ல எழும், காரத்தில் கெடாது, எளிதில் காற்றில் கலந்து மறைவதுமில்லை. வெட்டிவேர்த் தைலமும் ஏறக்குறைய இவ்வியல்புடையதே. அதுவும் சோப்புக்குள் வந்தது. மற்றவை வைத்தியசாலைத் தைலங்களிலும் அடுக்களைப் பொடிகளிலும் நின்றுவிட்டன. ஆக, பத்தில் எது சருமத்துக்கு மிக உகந்தது என்ற விசாரணை நடந்து சந்தனம் தேறியதன்று. நீராவிக்கும் காரத்துக்கும் ஈடுகொடுத்ததனால் அது தேறியது. சருமத்துக்குக் குளிர்ச்சி, காந்தி என்ற பழைய கீர்த்தியை, அரைத்த சாந்து சம்பாதித்ததை, வடித்த தைலம் வாரிசாகப் பெற்றுக்கொண்டது. உடம்பில் ஒரு நிமிஷம் நுரைத்து நீரோடு போய்விடும் பொருளில், தைலம் வாசனைக்கு அப்பால் என்ன செய்யும் என்பதில் அளவாகவே நம்பிக்கை வைக்க வேண்டும். நல்ல சோப்பின் குணம் பெரும்பாலும் அதன் கொழுப்புச் சத்தில் இருக்கிறது. நூற்றுக்கு எழுபத்தாறுக்குக் குறையாத கொழுப்புச் சத்துடையதே முதல்தரக் குளியல் சோப்பு என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இதன் பிந்திய நிர்வாகச் சரித்திரத்தை விரைவில் கடக்கலாம். 1944இல் சிவமொக்காவில் மற்றொரு தைல ஆலை. 1957இல் சோப்பாலை யஷ்வந்தபுரம் பக்கம் குடிபெயர்ந்தது. 1980இல் இரு தைல ஆலைகளும் சோப்பாலையும் சேர்ந்து கர்நாடக சோப்பு மற்றும் டிடர்ஜெண்ட் நிறுவனமாயின. 2006இல் மைசூர் சந்தன சோப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தெற்கே வேறொரு வழியும் தோன்றியது. 1940இல் கேரளத்து இரிஞ்ஞாலக்குடையில் சி. ஆர். கேசவன் வைத்தியர் தொடங்கிய சந்திரிகாவும், 1969இல் சென்னையில் டாக்டர் வி. பி. சித்தன் பதினெட்டு மூலிகைகளோடு உருவாக்கிய மெடிமிக்ஸும் வாலையை நம்பவில்லை. காய்ச்சிய மூலிகைத் தைலத்தையே சோப்பாக்கின. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தில் 1964இல் ஆயுர்வேத மருந்துகளுக்கென ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது இத்தகைய பொருள்களுக்குச் சாதகமாயிற்று. சுலோகத்தின் சான்றே ஒரு வகையில் லைசென்ஸின் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. தைலபாகம் தொழிற்சாலைக்குள் புகுந்த இவ்விதத்தை, பழைய முறையின் தொடர்ச்சியாக மைசூர் சோப்பைவிட உண்மையானது என்று நான் கருதுகிறேன். வாசனையில் அது தோற்றாலும்.

இன்றைய கரைப்பான் முறைகள் பிரிவினையை இன்னும் ஒரு படி கொண்டுபோயின. 1950இல் மைசூரின் செலுவாம்பா மாளிகையில் அமைந்த மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், மிளகு, மஞ்சள், இஞ்சி முதலியவற்றிலிருந்து ஒலியோரெசின் எடுக்கும் முறைகளை ஆராய்ந்த இடங்களுள் முக்கியமானது. உணவுக்கென்று வளர்ந்த அந்த வித்தையே அழகுப் பொருள்களின் மஞ்சள் சாரங்களுக்கும் துணையாயிற்று. பிரிவினையின் லாப நஷ்டத்தைக் காட்டக் கார்போகரிசியே போதும். அவ்விதையில் சோரலென் என்ற பொருள் உண்டு. அது பட்ட சருமம் வெயிலில் வெந்துபோகக்கூடும், அதனாலேயே வெண்குஷ்டத்துக்கு வெயிலோடு சேர்த்து அதைப் பிரயோகித்தார்கள். அதே விதையிலிருந்து 1966இல் சுக்தேவும் அவரது சகாக்களும் பாகுச்சியால் என்ற வேறொரு பொருளைப் பிரித்து வெளியிட்டனர். அது அரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. 2019இல் பிரிட்டிஷ் சருமவியல் சஞ்சிகையில் வெளிவந்த சோதனையொன்றில், நாற்பத்துநான்கு பேரிடம் பன்னிரண்டு வாரம் பயன்படுத்தப்பட்டு, சுருக்கத்தைக் குறைப்பதில் ரெட்டினாலுக்கு நிகராகவும் எரிச்சலில் அதனினும் குறைவாகவும் காணப்பட்டது. சோரலெனை நீக்கிய பாகுச்சியால் பகலில் பூசத் தக்கது. நீக்காத சாரம் அவ்வாறல்ல. புட்டியின்மேல் செடியின் பெயர் மாத்திரம் எழுதியிருப்பது எதையும் உறுதி செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நான் அறியேன்.

சந்தனக் காடுகளின் கதி வேறு. 1899இல் குடகில் முதன்முதல் கவனிக்கப்பட்ட கூர்நுனி நோய், இலைகளைச் சிறுத்துக் குத்திட்டு நிற்கச் செய்து மரத்தைச் சில ஆண்டுகளில் கொன்றது. நோய் தின்றதுபோக எஞ்சியதைக் களவு தின்றது. தைலத்தின் விலை ஏற ஏறக் களவும் ஏறியது. ராமாபுரத்தின் பெயர் வெளியுலகுக்கு எட்டியது இவ்வாறே: 1992இல் அவ்வூர்ப் போலீஸ் நிலையத்தைச் சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் கூட்டம் தாக்கிக் காவலர் ஐவரைக் கொன்றது. சோப்பின் உறையைப் பிரிக்கும் நகரத்தாருக்கு இச்செய்தி தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஏகபோகமான ஒரு சாரத்தின் விலைக்கும் அதன் காட்டின் அமைதிக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்கிறவன் அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

2001இல் கர்நாடகம் தன் வனச்சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரனுக்கே சொந்தமென்று ஒப்புக்கொண்டது; திப்புவின் அறிவிப்புக்கு இருநூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பின். அதன்பின் குடியானவர்கள் அகத்தியையும் துவரையையும் துணைச்செடிகளாக நட்டுச் சந்தனம் வளர்க்கத் தொடங்கினார்கள். பிற செடிகளின் வேரில் ஊட்டம் உறிஞ்சும் அம்மரம் துணையின்றி வளராது, வைரம் திரளப் பதினைந்து ஆண்டுகளேனும் வேண்டும். இதற்குள் மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுராவில் அதே ஜாதிச் சந்தனம் 1990களின் இறுதியிலிருந்து பெருந்தோட்டமாகப் பயிரிடப்பட்டு வருகிறது. இங்கே திருத்தப்பட்ட சட்டமும் விற்பனையை முழுதும் அவிழ்த்துவிடவில்லை: மரம் குடியானவனுடையது, அதை வாங்கும் உரிமை வனத்துறைக்கும் சோப்பு நிறுவனம் முதலான அரசு ஸ்தாபனங்களுக்கும் உரியது என்பதே அத்திருத்தத்தின் ஏற்பாடாக இருந்தது.