வண்டலூரில் பிறந்த கார்: ஹெரால்ட் முதல் ஸ்டாண்டர்ட் 2000 வரை

பழைய கால இந்தியக் கார் என்றதும் எல்லோருக்கும் இரண்டு பெயர்தான் ஞாபகம் வரும். கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் ஃபியட். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது நம்ம ஊர் கார் என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் மதராஸின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948 வாக்கில் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில் தொழிற்சாலை. முதலில் அங்கே பூட்டியது வான்கார்ட் என்ற கனமான கார். அதன் என்ஜினைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருடம் கழித்து திரும்பி வரும். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியதும் அதே குடும்பத்து என்ஜின்தான்.

1961-ல் வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த அழகான வண்டி, 948 சி.சி. என்ஜின். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகளுக்கு இதைவிட சௌகரியம் ஏது? சுமார் 25 அடி இடம் இருந்தால் முழுசாகத் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாதிரி சந்துகள் நிறைந்த இடத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் வம்பு பின்பக்கம் இருந்தது. அம்பாசடரில் பின் ஆக்சில் ஒரே உருளையாக, மாட்டு வண்டி அச்சு மாதிரி இருக்கும். ஹெரால்டில் அதை நடுவில் வெட்டி, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும்படி வைத்திருந்தார்கள். குறுக்கே ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டை. இங்கிலாந்து ரோட்டில் ஆளுக்கொரு காரில் போகிறவனுக்கு இது சொகுசு. நம்ம ஊரில்? குடும்பமே ஏறி, டிக்கியில் திருப்பதிக்கு மூட்டையும் வைத்தால், பின் சக்கரங்கள் கால் அகட்டி நிற்கிற ஆள் மாதிரி விரிந்துகொள்ளும். டயரின் உள் ஓரம் மட்டும் தேயும். பட்டை களைத்துவிட்டால் காலி வண்டியே அப்படித்தான் நிற்கும். பழைய ஹெரால்ட் வாங்கப் போகிறவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கும் முன்னால் வண்டிக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும் :-)

சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு கார் வாங்க வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம். பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. புதுக் காரைவிட ஓரிரு வருடம் ஓடிய காருக்கு அதிக விலை கிடைத்த விசித்திரமும் நடந்தது. பொருளாதாரப் பாடத்தில் தேவைக்கோடு, அளிப்புக்கோடு என்று கீறிக் காட்டுவார்களே, அது இரண்டையும் லைசென்ஸ் என்ற பூட்டு போட்டுக் கட்டிவைத்த சந்தை. மூன்று கம்பெனிக்கும் விற்காது என்ற பயமே இல்லை. பயமில்லாதவன் எதற்காகப் புகாரைப் படிக்கப் போகிறான்?

புகார் எந்த அளவுக்குப் போனது என்றால், கார்களின் தரம் ஏன் இப்படி இறங்குகிறது என்று விசாரிக்கவே 1967-ல் மத்திய அரசு ஜி. பாண்டே தலைமையில் ஒரு குழு போட்டது. 1969-ல் விலையையும் அரசே சட்டப்படி நிர்ணயித்தது. இந்த விலைக்குக் கட்டாது என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. தரம் மோசம் என்று வாங்கியவர், விலை போதாது என்று விற்றவர்... இரண்டு பேருமே டெல்லியைப் பார்த்துத்தான் கை நீட்டினார்கள், ஒருவரையொருவர் பார்த்து அல்ல.

இருந்தாலும் ஸ்டாண்டர்ட் ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 1972-ல் வந்த கெஸல், கிட்டத்தட்ட அதே ஹெரால்ட், அதே 948 சி.சி. ஆனால் அந்த ஆடுகிற பின் ஆக்சிலை எடுத்துவிட்டு, வழக்கமான முழு ஆக்சில் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரன் பார்த்தால் இது பின்னால் போவது என்பான். இங்கே அதுதான் முன்னேற்றம்! இங்கிலாந்தில் ஹெரால்ட் 1971-லேயே நின்றுவிட்டது. கெஸலும் 1977 வாக்கில் நின்றது. அப்புறம் சில வருடம் வேன் மட்டும்தான்.

அதற்குள் 1983-ல் மாருதி 800 வந்து எல்லோருடைய கணக்கையும் மாற்றிவிட்டது. பெரிய காராவது நமக்கு என்று மற்ற மூவரும் புது வண்டி தேடினார்கள். மூவரும் போனது ஒரே கடைக்கு: வெளிநாட்டில் பழசான பாடி. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிரிட்டனின் வாக்ஸால் பாடியை வாங்கி, அம்பாசடர் என்ஜினைப் போட்டு கான்டெஸா என்றது. பிரீமியர் ஃபியட் 124 பாடியில் நிஸான் என்ஜினைப் பொருத்தி 118 என்.இ. என்றது. ஸ்டாண்டர்ட் 1985-ல் கொண்டுவந்ததுதான் ஸ்டாண்டர்ட் 2000.

பாடி, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. அங்கே அதில் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் என்ஜின். இங்கே? மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன அந்த வான்கார்ட் வழி என்ஜின். 1991 சி.சி., 83 குதிரைத்திறன், நாலு கியர். இன்று ஹைபிரிட் கார் என்றால் பெட்ரோல் என்ஜினும் பேட்டரியும் சேர்ந்தது. அன்றைய மதராஸ் ஹைபிரிட், 70-களின் உடம்பும் 40-களின் இதயமும் சேர்ந்தது.

அந்த என்ஜின் கெட்ட என்ஜின் இல்லை. எளிமையானது, தாங்கும், பிரித்து மாட்டலாம். ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை அது இழுத்த இழுப்பில் வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. மாருதியைவிடப் பல மடங்கு விலை கொடுத்தவர் எதிர்பார்த்தது ரோவர். கையில் கிடைத்தது வான்கார்ட். தப்பு என்ஜினில் இல்லை, அந்த விலைச் சீட்டில் இருந்தது.

வணிகச் சட்டத்தில் முதல் பாடமே 'வாங்குபவரே உஷார்'. 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-ல்தான் வந்தது, அதாவது வண்டி வெளியே வந்து அடுத்த வருடம். ஆனால் வாங்கியவர்களில் பலர் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் கடையை மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலைமை அப்போது வந்திருந்தது. காத்திருந்து வாங்கிய அப்பாக்களுக்கு இல்லாத வசதி அது. கான்டெஸாவுக்காவது பிற்பாடு இசுசு என்ஜின் கிடைத்து ஆயுள் நீண்டது. ஸ்டாண்டர்டுக்கு அந்த அவகாசம் இல்லை. 1988-ல் உற்பத்தி நின்றது.

அதோடு முடிந்தது கம்பெனியின் கஷ்டம். வண்டி வைத்திருந்தவருடையது அப்போதுதான் ஆரம்பம். என்ஜின் சாமானுக்குப் புதுப்பேட்டையில் யாராவது கடைந்தோ மாற்றியோ ஒப்பேற்றிவிடுவார்கள். பாடி சாமானுக்கு எங்கே போவது? விளக்கு, கண்ணாடி, கதவுப் பிடி... வேறு எந்த இந்தியக் காரிலும் இல்லாதவை. இரண்டாம் கையாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்தான் இதில் அதிகம் மாட்டினார். முதல் ஆள் நஷ்டத்தோடு இறங்கிவிட்டார், இவருக்கு அடுத்து வாங்க ஆள் இல்லை.

வண்டலூரில் தேங்கியிருந்த எஸ்.டி.1 உதிரி பாகங்களை பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கம்பெனி மொத்தமாக வாங்கி, அங்கே பழைய ரோவர் வைத்திருப்பவர்களுக்காகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சாமானுக்கு மதராஸ்காரர் இங்கிலாந்துக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.