என்க்ளெக்ஸ்-ஆர்.என். தேர்வில் பராமரிப்பு முடிவுகளும் மருந்துக் கல்வியும்

என்க்ளெக்ஸ்-ஆர்.என். என்பது அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராகப் பணிபுரிய விரும்புவோர் உரிமத்துக்காக எழுதும் தேர்வாகும். அந்நாட்டு மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியப் பேரவை இதனை நடத்துகிறது; 2015 முதல் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் இதனையே ஏற்றுள்ளன. சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் தேர்வு மையங்கள் இருப்பதால், தமிழ்நாட்டில் நர்சிங் பட்டம் பெற்று அங்கே செல்ல முனைவோர் இங்கிருந்தே இதனை எழுத முடிகிறது. நோய்களையும் மருந்துகளையும் பற்றிய அறிவு இத்தேர்வுக்கு அடிப்படையாயினும், அவ்வறிவைக் கொண்டு எதை முதலில் செய்வது, வீடு திரும்பும் நோயாளிக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்று முடிவெடுக்கும் திறனே இதில் பெரிதும் சோதிக்கப்படுகிறது.

தேர்வின் அமைப்பு

தேர்வர் அளிக்கும் விடைகளுக்கேற்ப அடுத்த வினாவின் கடினத்தைக் கணினியே தீர்மானிக்கும் தகவமைப்பு முறை 1994 முதல் நடைமுறையில் உள்ளது. 5 மணி நேர வரம்புக்குள் குறைந்தது 85 வினாக்களும் கூடியது 150 வினாக்களும் வரும். குறைந்தபட்ச எண்ணிக்கையைத் தாண்டியபின், தேர்வரின் திறன் தேர்ச்சி வரம்புக்கு மேலா கீழா என்பது 95 விழுக்காடு உறுதியானதும் தேர்வு நின்றுவிடும். 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில், ஒரே நோயாளியின் பதிவேட்டைப் படித்து 6 வினாக்களுக்கு விடையளிக்கும் பகுதிகள் சேர்க்கப்பட்டன. அறிகுறிகளை இனங்காணுதல், அவற்றைப் பகுத்தாய்தல், சாத்தியமான காரணங்களை வரிசைப்படுத்துதல், தீர்வுகளை வகுத்தல், செயற்படுதல், விளைவை மதிப்பிடுதல் ஆகிய ஆறு படிகளை இவ்வினாக்கள் பின்பற்றுகின்றன.

முன்னுரிமை முடிவுகள்

பணிமுறை தொடங்கும்போது நால்வரில் யாரை முதலில் பார்ப்பது என்பது இத்தேர்வின் வழக்கமான வினா வகை. மூட்டு அறுவைக்குப்பின் கடும் வலியில் இருப்பவர், நுரையீரல் அழற்சியால் காய்ச்சல் கண்டவர், இன்சுலின் போடக் கற்றுக்கொள்ளக் காத்திருப்பவர், முந்தைய நாள் தைராய்டு அறுவை செய்துகொண்டு இப்போது கரகரத்த இரைச்சலோடு மூச்சிழுப்பவர் என நால்வர் இருப்பின், கடைசியில் உள்ளவரையே செவிலியர் முதலில் பார்க்க வேண்டும். கழுத்தில் ரத்தம் தேங்கியோ, கால்சியம் குறைந்து குரல்வளை இறுகியோ அவருடைய மூச்சுப்பாதை அடைபடக்கூடும். மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்ற வரிசையும், எதிர்பார்க்கத்தக்க தொல்லையைவிட எதிர்பாராத மாற்றமே அவசரமானது என்ற விதியும் இம்முடிவுக்கு அடிப்படையாகின்றன. பணியைப் பகிர்ந்தளிப்பதிலும் இதே தெளிவு தேவை: நிலையான நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் உணவூட்டுவதையும் உதவியாளரிடம் ஒப்படைக்கலாம், நோயாளியின் நிலையை மதிப்பிடுவதையும் முதன்முறையாகக் கற்பிப்பதையும் ஒப்படைக்கலாகாது.

மருந்துக் கல்வி

மருந்துக் கல்வி என்பது, மருத்துவமனையில் செவிலியர் கடைப்பிடிக்கும் கண்காணிப்பை வீட்டில் நோயாளியே மேற்கொள்ளும்படி பழக்குவதாகும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை உட்கொள்பவரிடம் கீரையை அறவே விடச் சொல்வது தவறு. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைப்பதால், உண்ணும் அளவு வாரத்துக்கு வாரம் ஏறியிறங்காமல் பார்த்துக்கொள்ளவே சொல்ல வேண்டும். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருக்க வேண்டும் என்பதும், மலம் கறுத்தாலும் ஈறில் ரத்தம் கசிந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதும், தாமாக ஆஸ்பிரின் வாங்கி விழுங்கலாகாது என்பதும் இக்கல்வியில் அடங்கும்.

இதய மருந்தான டிஜாக்சினைக் கொடுக்குமுன் நெஞ்சின் மேல் ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும்; வயது வந்தவருக்கு அது 60-க்குக் கீழிருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் ஒளிவட்டம் ஆகியவை இம்மருந்தின் நச்சுத்தன்மையைக் காட்டுவன. சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தவருக்கு இந்த ஆபத்து மிகும். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர் உப்பையும் நீரையும் திடீரெனக் குறைத்தால் ரத்தத்தில் மருந்து தேங்கிவிடும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உணவுக்குழாய் புண்ணாகாதபடி 30 நிமிடமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

நோயாளி தலையசைத்ததை வைத்து அவருக்குப் புரிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. கேட்டதைத் தம் சொற்களில் திரும்பச் சொல்லவோ செய்து காட்டவோ வேண்டும். ஆதலால், நோயாளி கூறும் நான்கு கூற்றுகளைத் தந்து, எதைக் கேட்டால் மீண்டும் கற்பிக்க வேண்டியிருக்கும் என்று வினவுவது இத்தேர்வின் வழக்கம்.

ஆயத்தம்

வினாக்களில் மருந்துகள் பெரும்பாலும் வணிகப் பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன. அப்பொதுப்பெயரும் அமெரிக்க வழக்கில் அமைவதால், இந்திய வார்டுகளில் பாரசிட்டமால், சால்புட்டமால், அட்ரினலின் என்று பழகியோர் அவற்றை முறையே அசிட்டமினோஃபென், அல்ப்யூட்டெரால், எப்பிநெஃப்ரின் என அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் கொடுக்குமுன் எதை அளப்பது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது, நோயாளி எதைத் தவிர்ப்பது என்ற மூன்றையும் சேர்த்துப் படிப்பவருக்கு முன்னுரிமை வினாவும் மருந்துக் கல்வி வினாவும் தனித்தனிப் பாடங்களாகத் தோன்றுவதில்லை. செவிலியரைச் செயற்படத் தூண்டும் அதே அறிகுறிதான் நோயாளிக்கு எச்சரிக்கையாகக் கற்பிக்கப்படுகிறது.