மாக்கல் மாவும் விதைப்பெட்டியும்

பருத்திக்கொட்டையை விதைக்கு எடுக்கும் நாளில் எங்கள் அப்பத்தா முற்றத்தில் சாணியைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கொட்டைமேல் இருக்கும் பஞ்சு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், சாலில் நாலைந்து ஒரே இடத்தில் விழும். சாணிப்பாலில் புரட்டி, செம்மண் தூவித் தேய்த்து, நிழலில் காயவைக்கும். பிறகு என் கையில் ஒரு பிடி கொடுத்து, "உருட்டிப் பாரு, பிரியுதா?" என்று கேட்கும்.

மணப்பாறையை முறுக்காலும் மாட்டுச் சந்தையாலும்தான் வெளியூரில் அறிவார்கள். எங்களுக்கு அது மழையை நம்பிய காடு. ஈரம் காய்வதற்குள் விதை இறங்கியாக வேண்டும். அதற்குத்தான் விதைக்கும் கருவி.

ஐரோப்பாவில் ஜெத்ரோ டல் விதைக்கும் கருவி செய்தது 1701-ல். அது ஐரோப்பியருடைய கண்டுபிடிப்பு என்றே நினைத்திருந்த கேப்டன் தாமஸ் ஹால்காட், தென்னிந்திய உழவர்கள் வெகுகாலமாக அப்படியொரு கருவியால் விதைப்பதைப் பார்த்து 1795-ல் எழுதிவைத்தார். அந்த வகைக் கருவியில் மூங்கில் குழாய்களின் தலையில் ஒரு மரக்கிண்ணம் இருக்கும். கிண்ணத்தில் விதையை விடுவது மனிதக் கை. ஒட்டினால் விரலே பிரித்துவிடும்.

இயந்திரத்துக்கு விரல் இல்லை. விதை ஒட்டாமல் ஓட அங்கேதான் டால்க் என்னும் மாக்கல் மாவு வந்தது. நமக்கு அது புதுச் சரக்கல்ல. ஸ்ரீரங்கத்து அடுக்களைகளில் வத்தக்குழம்பு கொதித்த கல்சட்டியும், நாங்கள் சிலேட்டில் எழுதிய பலப்பமும் மாக்கல்தான். நகம் பட்டாலே உதிரும் கல். அதன் மாவில் நன்மை செய்யும் சூடோமோனாஸ் பாக்டீரியா மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வித்யாசேகரனும் முத்தமிழனும் 1995-ல் எழுதினார்கள். இன்று கிலோ விதைக்கு 10 கிராம் என்று நாங்கள் கலப்பது அந்த வழியில் வந்த பொடி.

ஓர் ஆடிப்பட்டத்தில் நிலக்கடலைப் பருப்பைக் கஞ்சியும் நுண்ணுயிர்ப் பொடியும் விட்டுப் பிசறி, காயவிடாமல் வாடகை டிராக்டரின் விதைப்பெட்டியில் கொட்டிவிட்டேன். விதை கட்டிக்கொண்டது. முளைத்த பிறகு பார்த்தால் வரிசை வரிசையாகப் பொக்கை. பாடுவாசி நிரப்பவே இரண்டு நாள் ஆள் விட்டேன். அப்பத்தாவின் நிழற்காய்ச்சலை மறந்ததற்குக் கூலி அது.

மேல்நாடுகளில் மருந்து பூசிய மக்காச்சோள விதை பெட்டியில் ஒட்டாமல் ஓட, டால்க்கோ கிராஃபைட்டோ கலப்பது வழக்கம். விதையைக் காற்றால் உறிஞ்சி எடுக்கும் விதைப்பு இயந்திரங்கள், உரசி உதிரும் மருந்துத் தூளை வெளிக்காற்றோடு ஊதிவிடும். 2008-ல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் விதையில் சரியாக ஒட்டாத குளோதியானிடின் என்ற பூச்சிமருந்து இப்படிப் பறந்து, 11,000-க்கு மேற்பட்ட தேனீக் கூட்டங்களைத் தாக்கியது. கனடா 2014-ல் அவ்வகை மருந்திட்ட மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் டால்க், கிராஃபைட் கூடாதென்று, தூசி குறைந்த மாற்றுப் பொருளைக் கட்டாயமாக்கியது.

அப்பத்தாவின் செம்மண் ஈரத்தில் பிடித்துக் காய்ந்தது. பறக்க ஒன்றும் மிஞ்சாது. நான் இப்போது பெட்டியை நிரப்புமுன் ஒரு பிடியை உருட்டிப் பார்க்கிறேன். விதை பிரிய வேண்டும். உள்ளங்கை வெளுக்கக் கூடாது.