பாயும் மெத்தையும்: கல்முனைக் கரையோரத்திற் படுக்கையின் வரலாறு

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் துயிலிற் கழிக்கின்றான். ஆயினும் வரலாற்றாசிரியர் அவன் விழித்திருந்து செய்தவற்றையே பெரிதும் எழுதியுள்ளனர். போரும் ஆட்சியும் வணிகமும் ஏடுகளை நிரப்ப, அவன் இரவில் எதன்மேற் படுத்தான் என்ற செய்தி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. எனினும் படுக்கை அற்பப் பொருள் எனத் தள்ளத்தக்கதன்று. ஒரு சமுதாயத்தின் இயற்கைச் சூழல், கைத்தொழில், சமய விழுமியம், குடும்ப அமைப்பு, வெளியுலக வணிகம் ஆகிய யாவும் அதில் வந்து கூடுகின்றன.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வடக்கிலிருந்து தெற்காக நீளும் முஸ்லிம் ஊர்களிற் படுக்கை பற்றி ஒரு பொதுக்கருத்து வேரூன்றியுள்ளது. பாய் வறுமையின் சின்னம். மெத்தை வசதியின் சின்னம். மெத்தை எவ்வளவு மென்மையானதோ அவ்வளவுக்கு உறக்கம் இனியது என்பதே அது. இக்கருத்து வரலாற்றுக்குப் பொருந்துமா, உடலுக்குப் பொருந்துமா என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலிற் சொற்களை நோக்குதல் பயனுடைத்து. தமிழிற் படுக்கையைக் குறிக்கப் பாய், அணை, சேக்கை, அமளி, பள்ளி எனப் பல சொற்கள் வழங்கியுள்ளன. இவற்றுட் பள்ளி என்பது துயிலிடத்தைக் குறித்துப் பின்னர் துறவியர் உறைவிடத்தையும் கல்விக்கூடத்தையும் குறித்தது; முஸ்லிம்களின் வணக்கத் தலத்துக்குப் பள்ளிவாசல் என்ற பெயரிலும் அச்சொல்லே நின்று நிலவுகின்றது. மெத்தை என்பது மென்மைப் பொருளடியாகத் தோன்றியது. ஆங்கிலேயர் மெத்தைக்கு வழங்கும் ‘மற்றிரஸ்’ என்ற சொல்லோ அரபு மொழியின் ‘மத்ரஹ்’ என்பதிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றினூடாகச் சென்றது. ஏதேனும் ஒன்று எறியப்படும் இடம் என்பது அதன் மூலப்பொருள். தரையில் விரிப்பையும் திண்டையும் இட்டு அமரும் கீழைத்தேய வழக்கத்தை ஐரோப்பியர் அறிந்து ஏற்றமைக்கு இச்சொல் சான்று. மெத்தை மேற்கிலிருந்து வந்த நாகரிகப் பொருள் என எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மென்மையான படுக்கையைத் தமிழர் அறியாதிருந்தாருமல்லர். நெடுநல்வாடை பாண்டிமாதேவியின் கட்டிலை விரித்துரைக்கின்றது. யானைத் தந்தத்தால் இயன்ற அக்கட்டிலின்மேல் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருந்தது. ஆயின் அத்தனை மென்மையான படுக்கையில் இருந்தும், பிரிவுத் துயரால் அரசி உறக்கமின்றி வருந்துகின்றாள். படுக்கையின் மென்மை துயிலைத் தந்துவிடாது என்பதைச் சங்கப் புலவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

அரண்மனைக்கு வெளியே நிலைமை வேறு. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் இறங்கிச் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் அந்நாட்டு மக்களின் படுக்கையையும் குறித்துள்ளார். அவர் கூற்றின்படி ஒரு வீட்டில் ஒரு கட்டிலே இருக்கும். அது வீட்டுத் தலைவனுக்கு உரியது. பிரம்பினாற் பின்னப்பட்ட அதற்கு இரண்டு பாய்களும் ஒரு வைக்கோற் தலையணையும் உண்டு. பெண்களும் பிள்ளைகளும் அடுப்பின் அருகே தரையிற் பாய்விரித்துப் படுப்பர். தலைவனும் ஏனையோரும் பாயின்மேலேயே துயின்றனர். உயரமே அவர்களை வேறுபடுத்தியது. படுக்கை உடலின் தேவையை மட்டுமன்றி அதிகாரத்தின் அளவையும் காட்டி நின்றமை இங்குப் புலனாகின்றது.

இச்சான்று கண்டி நாட்டைப் பற்றியதெனினும் கல்முனைக் கரைக்கு முற்றிலும் அயலானதன்று. போர்த்துக்கேயராற் கரையோரங்களிலிருந்து 1626இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் செய்தியாகும். ஏலவே அங்கு வாழ்ந்தோருடன் வந்தோரும் கலந்து உழவிலும் வணிகத்திலும் ஈடுபட்டனர். இன்றைய அம்பாறை மாவட்டமும் 1961வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

இக்கரையோரத்தின் இயற்கை அமைப்பு பாய்த்தொழிலுக்கு இயல்பாகவே இடமளித்தது. கிழக்கே கடல், மேற்கே கரவாகு முதலிய வயல்வெளிகள், இடையிடையே நீர் தேங்கும் பள்ள நிலங்கள். இத்தகைய ஈரநிலங்களிற் பன் என்னும் கோரையினப் புல் வளரும். அதனை அறுத்து, வெயிலிற் காயவைத்து, வேண்டிய அளவுக்குச் சாயமேற்றி, தறியின் உதவியின்றிக் கையாலேயே இழைப்பது பன்பாய். இத்தொழில் பெரிதும் பெண்களின் கைத்தொழில். வீட்டு வேலைகளின் இடைவேளையில், திண்ணையிலும் முற்றத்து நிழலிலும் நிகழ்ந்த இவ்வுழைப்பு, நெல்லும் மீனும் கணக்கிடப்பட்ட அளவுக்குப் பொருளியற் கணக்கில் இடம்பெற்றதில்லை.

பாய்த்தொழிலில் முஸ்லிம் பெண்களின் பங்கு இக்கரைக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்திற் திருநெல்வேலியை அடுத்த பத்தமடையிலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்களே பாய்த்தொழிலை வளர்த்தன. ஆங்குத் தாமிரபரணிக் கரையின் கோரை நுண்ணிதாகக் கிழிக்கப்பட்டுத் தறியில் நெய்யப்படுகின்றது. பட்டுத் துணிபோல் மடியும் பத்தமடைப் பாய் 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்ற புகழுடையது. பன்பாய்க்கு அத்தகைய அரசவைப் புகழ் இல்லை. அது நாள்தோறும் விரித்துச் சுருட்டப்படும் பாய். அதன் பெருமை அதன் பயன்பாட்டிலேயே தங்கியுள்ளது.

அப்பயன்பாடு காலநிலையோடு பிணைந்தது. ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் மிக்கது. அக்காலத்தில் உடலின் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் படுக்கை துன்பந்தரும். இழைகளுக்கிடையே காற்றோட்டம் கொண்ட பன்பாய் வியர்வையைத் தேக்காது. தரையின் குளிர்ச்சியையும் மறைக்காது. மாரிகாலத்திலோ ஈரத் தரையின் குளிரைத் தடுக்க ஒரு பாய் போதாது. இரண்டு பாய்களை ஒன்றன்மேலொன்றாக விரித்தல் வேண்டும். ஆகவே படுக்கையின் வன்மை மென்மையைப் பருவத்துக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் பாய் இடமளித்தது. பகலில் அதைச் சுருட்டி வைத்தபின் துயிலறையே விருந்தினர் அமரவும் பிள்ளைகள் ஓதவும் உரிய இடமாயிற்று.

சமய மரபும் இவ்வழக்கத்துக்கு அரண் செய்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் படுக்கை, பதனிட்ட தோலுக்குள் ஈச்சநார் நிரப்பப்பட்டதாக இருந்ததென ஆயிஷா (ரழி) அறிவித்துள்ளார். அன்னார் வெறும் பாயிற் படுத்து எழுந்தபோது விலாவிற் பாயின் தடம் பதிந்திருக்கக் கண்டு உமர் (ரழி) கண்ணீர் விட்டமையும் ஹதீஸ் நூல்களிற் பதிவாகியுள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் திர்மிதி தொகுத்த ‘ஷமாயில்’ நூலிற் காணப்படும் ஓர் அறிவிப்பு இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டாக மடித்து விரிக்கப்படும் முரட்டுத் துணியை ஓரிரவு மென்மை கருதி ஹப்ஸா (ரழி) நான்காக மடித்து விரித்தார். காலையில் அதையறிந்த நபிகளார், அதன் மென்மை தம்மை இரவுத் தொழுகையினின்றும் தடுத்துவிட்டதெனக் கூறி, பழையபடியே விரிக்கப் பணித்தார்கள். துயிலுக்கும் விழிப்புக்கும் இடையே படுக்கை நடுநிலையில் நிற்கவேண்டும் என்பது இதன் உட்கருத்து. ஈச்சநார் மெத்தையும் இதே மரபுக்கு உரியதாதலால், உடலை வருத்துவதே இம்மரபின் நோக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி மெத்தையின் வருகையை நோக்கலாம். தொடக்கத்தில் இலவம் பஞ்சே மெத்தைக்கும் தலையணைக்கும் நிரப்பப்பட்டது. இலவம் பஞ்சின் இழை உட்குழிவானது. மெழுகுத் தன்மையால் நீரை எளிதில் உறிஞ்சாதது. ஆயினும் நாளடைவில் அது நொறுங்கி அமுங்கிக் கட்டிபடும். அடிக்கடி வெயிலிலிட்டுத் தட்டியும், சில ஆண்டுகளுக்கொருமுறை பிரித்து நிரப்பியும் பேணப்படாத பஞ்சு மெத்தை நடுவிற் பள்ளமும் ஓரத்தில் மேடுமாகிவிடும். பின்னர் தென்னந்தும்பு இடம்பெற்றது. இலங்கையின் தும்பு வணிகத்தில் நீண்ட முரட்டு நார் தூரிகைக்கும், குறுகிய நார் மெத்தைக்கும் எனப் பிரிக்கப்பட்டு ஏற்றுமதியாயின. தென்னை செழித்த இக்கரையோரத்துக்குத் தும்பு புதிய பொருளன்று. மெத்தையின் வடிவில் அது மீண்டும் வந்தமையே புதுமை.

மூன்றாவது இறப்பர். 1876இல் பிறேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் இலண்டன் கியூ பூங்காவினூடாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1929இல் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தில் இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறை கண்டறியப்பட்டது. 1937இல் ஜேர்மனியில் உருவான பொலியூரித்தேன் வேதியியல் பிற்காலத்தில் மலிவான செயற்கை நுரை மெத்தைக்கு வழிவகுத்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் இலங்கைச் சந்தையில் இறக்குமதிப் பொருள்கள் பெருகின. மெத்தையோடு பிளாஸ்டிக் பாயும் வந்தது. பன்பாயை மெத்தை மட்டுமே விழுத்தியதாகக் கருதுதல் பிழை. மெத்தை அதன் மதிப்பைக் குறைக்க, பிளாஸ்டிக் பாய் அதன் சந்தையைக் கைப்பற்றியது.

மெத்தையின் பரவலுக்குக் குடும்ப அமைப்பும் துணைநின்றது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை வழங்குகின்றது. மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்தலும், பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக வழங்குதலும் வழக்கம். வீட்டோடு தளபாடமும், தளபாடத்தோடு மெத்தையும் சேர்ந்தன. நொக்ஸ் கண்ட காலத்திற் கட்டிலின் உயரம் காட்டிய மதிப்பை இப்போது மெத்தையின் தடிப்புக் காட்டலாயிற்று. உறங்கப்போகும் இருவரின் உடலை எண்ணாது, பார்க்க வருவோரின் கண்ணை எண்ணி மெத்தை தெரிவு செய்யப்படும் நிலை இதனால் தோன்றியது. பெண்ணின் பெற்றோர் சுமக்கும் கடனில் இதற்கும் ஒரு பங்குண்டு.

உடலின் நோக்கில் எது தகும்? முதுகுவலியுடையோர் கடினமான படுக்கையிற் படுக்கவேண்டும் என்பது நெடுங்காலம் மருத்துவர் கூறிவந்த அறிவுரை. 2003இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு இதனைச் சோதித்தது. நாட்பட்ட கீழ்முதுகு வலியுடைய 313 பேர் இரு பிரிவினராக்கப்பட்டு, 90 நாள்கள் இருவேறு மெத்தைகளிற் படுத்தனர். மிகு வன்மையை 1 எனவும் மிகு மென்மையை 10 எனவும் கொள்ளும் அளவுகோலில் ஒன்று 2.3, மற்றையது 5.6. நடுத்தர வன்மையுடைய இரண்டாவது மெத்தையிற் படுத்தோரே வலியிலும் இயலாமையிலும் கூடிய முன்னேற்றம் கண்டனர்.

இதன் காரணம் உடலமைப்பில் உள்ளது. மிக மென்மையான மெத்தையில் உடலின் பாரமிக்க இடுப்புப் பகுதி புதைந்து முதுகெலும்பு வளைகின்றது. மிக வன்மையான பரப்பில் தோளும் இடுப்பும் மட்டும் பாரத்தைத் தாங்க, அவை நோகின்றன. மல்லாந்து படுப்போருக்கு வன்மை கூடிய படுக்கை ஏற்கும். பக்கவாட்டிற் படுப்போருக்குத் தோள் சற்று அமிழ இடந்தரும் மென்மை வேண்டும். வலப்புறம் சாய்ந்து துயிலுமாறு கூறும் நபிவழியைப் பேணுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம். உடற்பாரம் மிக்கோருக்கு வன்மை கூடியதும், மெலிந்தோருக்கு மென்மை கூடியதும் பொருந்தும். முழங்கால் தளர்ந்த முதியோருக்குத் தரைப்பாய் ஆகாது; அது உறக்கத்தைக் கெடுக்காவிடினும் எழுதலைக் கெடுக்கும். நோயிற் கிடப்போரை வெறும் பாயில் நெடுநாட் கிடத்தினாற் படுக்கைப் புண் உண்டாகும். ஆகவே பாயைப் போற்றும் ஆர்வத்தில் முதியோரையும் நோயாளரையும் தரையிற் கிடத்துதல் மரபுப்பற்று ஆகாது, அது கொடுமையாகும்.

2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு, 10,000 பேருக்கு மேல், அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. மருதமுனையும் சாய்ந்தமருதும் பேரழிவுக்குள்ளாயின. பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சமடைந்தோருக்குக் கட்டிலும் மெத்தையும் கடந்தகாலப் பொருள்களாயின. உலகெங்கும் பேரிடர் நிவாரணப் பொருள்களுள் உணவுக்கும் நீருக்கும் அடுத்த வரிசையிற் பாய் இடம்பெறுவதன் பொருளை இவ்வூர்களின் மக்கள் அன்று அறிந்தனர். மனிதன் இழக்க எஞ்சியது ஏதுமில்லாத இரவிலும் அவனுக்கு முதுகு சாய்க்க ஓரிடம் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, கல்முனைக் கரையோரத்திற் படுக்கையின் வரலாறு வன்மையிலிருந்து மென்மைக்கு ஏறிய நேர்கோட்டு வளர்ச்சியாகத் தோன்றவில்லை. பாயை அடுக்கி வேண்டிய அளவு மென்மையைப் பெற்ற மக்கள், தடிப்பைக் கொண்டு மதிப்பை அளக்கும் நிலைக்கு இடையில் வந்து சேர்ந்தனர். நடுத்தர வன்மையே நன்று என இன்றைய மருத்துவம் கூறுவது, ஈச்சநார் மெத்தையும் இருமடித் துணியும் பேணிய மரபுக்கு நெருங்கி வருகின்றது. கட்டிலின் தும்பு மெத்தைமேற் கோடையில் ஒரு பன்பாயை விரித்துப் படுப்பவர் இரண்டின் நன்மையையும் பெறுவர். அப்பாயை இழைக்கும் பெண்ணின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்குமாயின், அவ்வீட்டாருக்கும் அன்றிரவு நல்லுறக்கம் வாய்க்கும்.